மெட்ராஸ் ஓடினால் மட்டும் நின்ற படம்

அஞ்சலாட்சி எதையெல்லாம் ஜெயித்தாள் என்பதை முதலில் சொல்லிவிடலாம். பதினோரு வயதில் டைபாய்டில் ஐம்பத்திரண்டு நாள் கிடந்து எழுந்து, நிற்கத் தெம்பில்லாமல் அக்காளின் தோளைப் பிடித்துக்கொண்டே போய் வருஷப் பரீட்சை எழுதித் தேறினாள். ரேடியோ, டி.வி. மெக்கானிக் பயிற்சியில் பதினைந்து பையன்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக இடம் பிடித்தாள். முதல் நாள் வாசலில், "தையல் கிளாஸ் பின்னாடி கட்டடம்மா" என்று கைகாட்டிய வாட்ச்மேன், இரண்டாம் வருஷம் தன் டிரான்சிஸ்டரைத் துண்டில் சுற்றி அவளிடம்தான் கொண்டுவந்தார். அப்பா பலராமன் வேலை பார்த்த பஞ்சாலை எட்டு மாதம் மூடிக்கிடந்தபோது அவரை யாரிடமும் கைகட்டி நிற்கவிடாமல் வீட்டை ஓட்டினாள். டி.வி. படக்குழாயின் கரண்ட் ஒருமுறை அவளைத் தூக்கிச் சுவரில் அடித்தது. வலது கை இரண்டு நாள் மரத்துப்போயிருந்தது. மூன்றாம் நாள் அதே செட்டின் முன்னால் அதே முக்காலியில் உட்கார்ந்து வேலையை முடித்தாள். கதிர்காமத்திலிருந்து காந்தி வீதிவரை ஆண்கள் சைக்கிளில் போய்வந்து, தெருமுனைப் பையன்களின் கேலிப் பாட்டுகளையெல்லாம் அலுத்துப்போக வைத்தாள்.

ஒன்று மட்டும் அவள் கைக்கு வரவில்லை.

காந்தி வீதியில் அரிகிருஷ்ணன் வைத்திருந்த டி.வி. ரிப்பேர் கடையில் 1981-இல் சேர்ந்தாள். ஐந்து வருஷம் பின்கட்டு மேசையில் வேலை. வேலை முடிந்த ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு சர்வீஸ் சீட்டு எழுத வேண்டும்: பழுது என்ன, காரணம் என்ன, செய்த வேலை என்ன. அடியில் செட்டுக்காரர் ஒரு கையெழுத்து, மெக்கானிக் ஒரு கையெழுத்து. பழுதைக் கண்டுபிடிப்பது அஞ்சலாட்சி, சரிசெய்வது அஞ்சலாட்சி, மெக்கானிக் கையெழுத்தை மட்டும் பெரிய மெக்கானிக் கன்னியப்பன் போடுவார். அவர் கெட்டவர் இல்லை. போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் "சரியா பாத்தியாடி?" என்று கேட்பார். அதுதான் அவளுக்கு இன்னும் எரியும்.

வருஷத்துக்கு ஒரு தடவை முதலாளியிடம் கேட்டுப் பார்ப்பாள்.

"கையெழுத்துப் போடறவன்தான் பதில் சொல்லணும், அஞ்சலா. வெளியில போயி ஒரு செட்ட நீயே பாத்து முடிச்சிட்டு வா. அப்புறம் பேசலாம்."

"வெளியில அனுப்புங்க, போறேன்."

"பொம்பள புள்ளைய வீடு வீடா அனுப்பினா ஊரு இன்னா சொல்லும்?"

இப்படியே சுற்றிச் சுற்றி ஐந்து வருஷம் ஓடியது.

1986 செப்டம்பரில் கன்னியப்பன் மச்சினன் கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போய்விட்டார். பதினேழாம் தேதி புதன்கிழமை மத்தியானம் முதலாளி ஒரு சீட்டை நீட்டினார்.

"ரெட்டியார்பாளையம் முசே தேவதாஸ் வீடு. கன்னியப்பன் போன வாரமே பாத்துட்டான். கம்ப்யூட்டர்ல பழுது, நம்மால ஆவாதுன்னு எழுதிட்டான். அந்தாளு சீட்டுல கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. நீ போயி நல்லபடியா பேசி வாங்கிட்டு வந்துடு. எதையும் தொடாத."

தேவதாஸ் பிரான்ஸ் ராணுவத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்து, அங்கேயே வேறு வேலையும் பார்த்து, பென்ஷனோடு 1984 கடைசியில் ஊர் திரும்பியவர். அப்படிப்பட்ட பட்டாளத்துக்காரர்களை ஊரில் சொல்தா என்பார்கள், பிரெஞ்சு வழக்கில் 'முசே' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மற்ற சொல்தாக்களைப் போலவே அவரும் அங்கிருந்து ஒரு கலர் டி.வி.யைக் கட்டிக்கொண்டு வந்தார். அந்த நாட்டு டி.வி.யை இங்கே ஆண்டெனாவில் மாட்டினால் படமும் வராது, பேச்சும் வராது. அனுப்பும் முறையே வேறு. அரிகிருஷ்ணன் கடை அதற்குத்தான் பேர்போனது. செட்டுக்குள் சின்னதாக ஒரு போர்டு வைத்து மெட்ராஸ் நிலையத்தை வரவழைத்துவிடுவார்கள். கலர் வராது, கறுப்பு வெள்ளைதான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே பார்த்தார்கள் என்று யாரும் குறைசொல்லவில்லை.

அந்த வருஷம் ஜூலையில் லியோனில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தான். கையில் ஒரு கம்ப்யூட்டர். பார்த்தால் எழுத்துப்பலகை மட்டும்தான், தட்டையாக ஒரு பெட்டி. படத்துக்கு வீட்டு டி.வி.யோடு சேர்க்க வேண்டும். பிரான்ஸ் டி.வி.களின் முதுகில் இருபத்தொரு கால் உள்ள நீளமான சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் செருகினால் போதும் என்று செருகினான். திரையில் கலர் கலராகக் கோடுகள்தான் ஓடின. லீவு முடிந்து, கம்ப்யூட்டரை அப்பாவிடமே விட்டுவிட்டு அவன் போய்விட்டான். அதன்பிறகு அப்பனுக்கும் பிள்ளைக்கும் விமானத் தபாலில் சண்டை.

"'உன் மெஷின் ஊத்தை மெஷின்'னு நான் எழுதினேன்," என்றார் தேவதாஸ், வீட்டுக்கு வந்த அஞ்சலாட்சிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு. "'இங்க நல்லாத்தான் இருந்துச்சு பப்பா, உங்க டி.வி.தான் கெட்டுப்போச்சு'ன்னு அவன் எழுதறான். உங்க பெரிய மெக்கானிக்கு ஏழே நிமிஷம் பாத்தாரு. 'மெட்ராஸ் நல்லா வருது, அப்ப டி.வி. நல்லாருக்கு. கெட்டது கம்ப்யூட்டர்தான்'னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. என் பிள்ள பொய் சொல்றான்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா, மத்மசேல்?"

"நான் கொஞ்சம் பாக்கட்டுங்களா முசே?"

"உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தெரியாதுங்க. இப்பதான் மொத தடவ பாக்கறேன்."

தேவதாஸுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. "உங்க பெரியவரும் மொத தடவதான் பாத்தாரு. ஆனா சொல்லல," என்றார்.

அஞ்சலாட்சி பையிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். இந்த நோட்டைக் கடையில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். 'ஒரு செட்டுக்கு ஒரு புராணமா' என்பார் கன்னியப்பன். அவள் வழக்கம் இதுதான்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றினால் என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். ஒன்றும் ஆகவில்லை என்றால் அதையும் எழுதிவிட்டு, மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

மூன்று மணிக்கு ஆரம்பித்தாள். கேபிளைக் கழற்றி இரண்டு முனைகளுக்கும் மீட்டர் வைத்து இருபத்தொரு காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இணைப்பு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் இருந்தது, எதுவும் அறுந்திருக்கவில்லை. எழுதினாள். முதலில் டி.வி.யைப் போட்டுப் பிறகு கம்ப்யூட்டரைப் போட்டாள். அப்புறம் மாற்றிப் போட்டாள். இரண்டுக்கும் அதே கோடுகள்தான். வோல்டேஜ் சரியில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு தேவதாஸ் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்திருந்தார். அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். மாற்றமில்லை. திரும்ப மாட்டினாள். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினால் ஓடுகிற கோடுகள் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறின. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது. செத்த மெஷின் சொன்ன பேச்சைக் கேட்டுக் கலரை மாற்றாது.

ஆறு மணிக்குமேல் ஒரு விந்தை நடந்தது. கிழித்துப் போட்ட சேலைபோல் ஓடிக்கொண்டிருந்த கோடுகள் கூடிவந்தன. எழுத்துகள் தெரிந்தன. படிக்கவும் முடிந்தது. ஆனால் நிலையாக நிற்காமல், மாவரைக்கிற வேகத்தில் மெதுவாக மேலே ஏறி மறைந்து, திரும்பக் கீழேயிருந்து வந்தன.

"பாத்தியா!" என்று எழுந்தே விட்டார் தேவதாஸ். "தினம் இப்படித்தான். சாயங்காலம் ஆனா கொஞ்சம் வரும். அதான் வோல்டேஜுங்கறேன்."

அஞ்சலாட்சி மீட்டரைச் சுவர் பிளக்கில் வைத்தாள். நூற்றெண்பத்தேழு. நோட்டைப் புரட்டினாள். மூன்று மணிக்கு இருநூற்றிருபத்தெட்டு.

"வோல்டேஜ் கொறையறப்பதான் நல்லா வருதுங்க முசே. தலைகீழா இருக்கு. சாயங்காலம் தவிர வேற எப்பவாச்சும் வந்திருக்குதா?"

அவர் யோசித்தார். "ஞாயித்துக்கெழம காலையில பூசை முடிஞ்சு வந்து போட்டேன். அப்பவும் வந்துச்சு. மாதா கிருபைன்னு நெனச்சுக்கிட்டேன்."

அதையும் எழுதிக்கொண்டாள். வார நாளில் சாயங்காலம். ஞாயிறென்றால் காலையிலும். மாதா கிருபை என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

சைக்கிளில் கிளம்பினாள். வழியில் ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல் ஏதோ விவசாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. வாக்கியம் முடிவதற்குள் அந்த வீட்டைத் தாண்டிவிட்டாள். அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து அதே குரல் அதே வாக்கியத்தை முடித்தது. அதற்கடுத்த வீட்டில் அடுத்த வாக்கியம். தெரு முழுக்க ஒரே மெட்ராஸ் நிலையம் ஓடிக்கொண்டிருந்தது.

பிரேக்கைப் பிடித்த வேகத்தில் பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் திட்டினார். அவள் காதில் விழவில்லை. வார நாளில் சாயங்காலம். ஞாயிறென்றால் காலையிலும். மெட்ராஸ் நிலையம் படம் அனுப்புகிற நேரம்!

திரும்பிப் போய்க் கதவைத் தட்டினாள். "முசே, ஒரே ஒரு தடவ. கம்ப்யூட்டரையும் டி.வி.யையும் போடுங்க." எழுத்துகள் பழையபடி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன. அவள் டி.வி.யின் பின்னாலிருந்து ஆண்டெனாக் கம்பியை உருவினாள். எழுத்துகள் கிழிந்து கோடுகளாயின. செருகினாள். கூடி வந்தன. உருவினாள். கிழிந்தன. எட்டுத் தடவை அப்படிச் செய்து எட்டையும் எழுதிக்கொண்டாள்.

"ஆண்டெனாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"இருக்கக்கூடாதுங்க. இருக்குது. நாளைக்குக் காலையில வந்து பின்பக்கத்தத் தெறக்கறேன்."

வீட்டில் அக்காள் ஆதிலட்சுமி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். தங்கை ஒரு கையால் பிசைந்துகொண்டு மறுகையால் நோட்டைப் புரட்டினாள்.

"தொடக்கூடாதுன்னு சொல்லித்தானேடி அனுப்பினாரு? காலையில போயி நீபாட்டுக்குத் தெறந்து, ஏதாச்சும் ஆச்சுன்னா வேலையே போயிடும்."

"அதுல எதுவோ மெட்ராஸப் புடிச்சுக்கிட்டு நிக்குதுக்கா. எதுன்னு பாக்காம எனக்குத் தூக்கம் வராது."

"சோறு ஆறிப்போவுது. மொதல்ல அதப் பாரு."

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் தேவதாஸ் வீட்டில் டி.வி.யின் முதுகைத் திறந்தாள். பிளக்கைப் பிடுங்கி, குழாயில் தங்கியிருக்கும் கரண்டை இறக்கி, அப்புறம்தான் கையை உள்ளே விட்டாள். இருபத்தொரு கால் சாக்கெட்டிலிருந்து கம்பிகள் உள்ளே போயின. கலருக்கு மூன்று கம்பி. மூன்றும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருந்தன. நான்காவதாக ஒன்று இருக்க வேண்டும். படத்தை ஓடவிடாமல் பிடித்து நிறுத்துகிற துடிப்பு அந்தக் கம்பியில்தான் வரும். அது பாதி வழியில் வெட்டப்பட்டிருந்தது. அது சேர வேண்டிய இடத்தில் கடை வைத்த சின்ன போர்டின் கம்பி உட்கார்ந்திருந்தது. கலர் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது, பிடித்து நிறுத்துகிற கை மெட்ராஸிலிருந்து வந்தது. மெட்ராஸ் ஓடாத நேரத்தில் பிடிக்க ஆளே இல்லை.

பிரான்ஸ் செட் வந்தாலே கடையில் அந்தக் கம்பியை வெட்டிவிடுவார்கள். பின்சாக்கெட்டில் இந்த ஊரில் எவன் எதைச் செருகப்போகிறான் என்று கன்னியப்பன் சொல்வார். அதுவே கடையின் வழக்கமாகிவிட்டது.

வெட்டிய முனையை டார்ச் அடித்துப் பார்த்தாள். முனை மடக்கி, ஆலைப் பஞ்சுநூலால் ஆறு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. கடையில் மற்றவர்களெல்லாம் டேப் ஒட்டுவார்கள். டேப் வெயிலில் இளகிவிடும் என்று நூல் கட்டுகிறவள் ஒருத்திதான்.

டார்ச்சை அணைத்தாள். பிறகு எழுந்து நின்று சொன்னாள்.

"முசே, தப்பு உங்க பையன் மெஷின்ல இல்லீங்க. டி.வி.யும் நல்ல டி.வி.தான். போன வருஷம் இத மெட்ராஸுக்கு மாத்தினப்ப ஒரு கம்பிய வெட்டினேன். நான்தான் வெட்டினேன். இது என் முடிச்சு."

தேவதாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "ரெண்டு மாசமா..." என்று தொடங்கினார். பிறகு வேறு ஏதோ உறைத்தாற்போல் நிமிர்ந்தார். "அப்ப என் பிள்ள சொன்னதுதான் சரியா?"

"பாதி சரிங்க."

"அந்தப் பாதிய அவனுக்கு நான் எப்படி எழுதுவேன்?" என்று தலையில் கைவைத்தார். அவர் கவலை அதுவாக இருந்ததில் அஞ்சலாட்சிக்கு மூச்சு வந்தது.

போர்டின் கம்பியை எடுத்துவிட்டுச் சாக்கெட்டின் கம்பியைத் தற்காலிகமாக வைத்துப் பற்றவைத்தாள். மூடி, போட்டாள். நீலத் திரையில் எழுத்துகள் அசையாமல் நின்றன. மணி பத்து ஐந்து. மெட்ராஸ் நிலையம் தூங்கிக்கொண்டிருந்தது. தேவதாஸ் ஒரு விரலால் தேடித் தேடித் தன் பெயரை அடித்தார். அது திரையில் வந்து நின்றது. ஓடிவிடுமோ என்று இருவரும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"இப்ப மெட்ராஸ் வராதுங்க. ரெண்டும் வரணும்னா முதுகுல ஒரு சுவிட்ச் வைக்கணும். அந்தப் பக்கம் தள்ளினா மெட்ராஸ், இந்தப் பக்கம் தள்ளினா கம்ப்யூட்டர். கடைக்குப் போயி எடுத்துட்டு வந்துடறேன்."

சுவிட்ச் எடுப்பது எளிது. முதலாளியிடம் சொல்வதுதான் பாடு. நோட்டைப் பிரித்து வைத்து, ஒன்று விடாமல் சொன்னாள். அரிகிருஷ்ணன் இரண்டு தடவை படித்தார்.

"தொடாதன்னு சொன்னேன்."

"ஆமாங்க மொதலாளி."

"சரி. படம் நின்னுடுச்சு. கெட்டிக்காரிதான்." ஒரு புதுச் சீட்டைக் கிழித்து அவள் பக்கம் தள்ளினார். "ரொம்ப நாளா கேட்டியே, இந்தா. நீயே எழுதி நீயே கையெழுத்துப் போடு. காரணம்ங்கற எடத்துல வோல்டேஜ்னு எழுதிடு."

சீட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"வோல்டேஜ் இல்லீங்களே."

"அது எனக்கும் தெரியுது. நாம மாத்திக் குடுத்த பிரான்ஸ் செட்டு எத்தனன்னு தெரியுமா? பத்தொம்பது. எல்லாத்துலயும் அந்தக் கம்பிய வெட்டியிருக்கோம். நம்ம கட வெட்டினதுன்னு நீ எழுதினா பத்தொம்பது சொல்தாவும் நாளைக்கு வாசல்ல நிப்பான்."

"இப்ப இவரு வீட்டுக்கு வந்திருக்குது. நாளைக்கு இன்னொருத்தர் பையன் கம்ப்யூட்டர் கொண்டாருவான், வீடியோ கொண்டாருவான். அதே சாக்கெட்டுலதான் செருகுவான். அப்பவும் வோல்டேஜுன்னு எழுதுவோங்களா?"

முதலாளி சீட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார்.

"வோல்டேஜுன்னா நான் போடலீங்க. திங்கக்கெழம கன்னியப்பன் அண்ணன் வந்து போடட்டும்." ஐந்து வருஷம் கேட்டதைத் தானே தள்ளிவைக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அரிகிருஷ்ணன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பழைய சீட்டுக் கட்டுகள் அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்தார்.

"அவங்களா வந்து வாசல்ல நிக்கறதுக்கு முன்னாடி நாமளே போயிடணும். பத்தொம்பது வீட்டுக்கும் போயி சுவிட்ச் வச்சுட்டு வரணும். அது சரி, யாரு போவா? கன்னியப்பன் போனா ஏழு நிமிஷம் பாத்துட்டு வந்துடுவான்."

"நான் போறேன். வெட்டினதுல பாதி நான்தான். என் முடிச்ச நானே அவுக்கறேன்."

"ஊரு இன்னா சொல்லும்?"

"சுவிட்ச் வேல செய்யுதுன்னு சொல்லும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போறவ கையிலயே சீட்டும் இருக்கணும். ஒவ்வொரு வீட்டுலயும் கன்னியப்பன் கையெழுத்துக்குத் திரும்பி ஓடி வர முடியுமா?" சீட்டை மட்டுமில்லை, ஐம்பது சீட்டுள்ள முழுக்கட்டையும் தூக்கிக் கொடுத்தார். "இன்னா நடந்துச்சோ அதையே எழுது. திட்டினா ரெண்டு பேரும் வாங்கிக்கலாம்."

மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பவும் ரெட்டியார்பாளையம். சுவிட்சை முதுகில் பொருத்தி, இரண்டு கம்பிகளையும் அதில் சேர்த்தாள். கம்ப்யூட்டர் பக்கம் உடனே சரியாக இருந்தது. மெட்ராஸ் பக்கத்தைப் பார்க்காமல் சீட்டு எழுத அவளுக்கு மனம் வரவில்லை. "சாயங்காலம் வரைக்கும் உக்காரவா போற?" என்று கேட்டார் தேவதாஸ். "ஆமாங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் காப்பி போடச் சொல்லிவிட்டு வந்து, மகனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நான்கு தாளைக் கசக்கி எறிந்தார். ஐந்தாவதில் பாதி தேறியது.

நிலையம் தொடங்கியதும் சுவிட்சை மெட்ராஸுக்குத் தள்ளினாள். வந்தது. கம்ப்யூட்டருக்குத் தள்ளினாள். நின்றது. பத்துத் தடவை அப்படியும் இப்படியும் தள்ளிவிட்டுச் சீட்டைத் தொடை மேல் வைத்து எழுதினாள். பழுது: கம்ப்யூட்டர் படம் நிற்கவில்லை. காரணம்: 1985-இல் எங்கள் கடையில் மாற்றும்போது பின்சாக்கெட்டின் கம்பியை நான் வெட்டியது. செய்த வேலை: கம்பி சேர்த்து, இருவழி சுவிட்ச் வைத்தது. தேவதாஸ் வாங்கி, வாய்விட்டு முழுவதையும் படித்து, தன் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அவள் கையிலேயே கொடுத்தார்.

மெக்கானிக் என்று அச்சடித்திருந்த கோட்டின்மேல், ஒரு எழுத்தும் கோட்டைத் தாண்டாமல், ப. அஞ்சலாட்சி என்று எழுதினாள். தன் வேலைக்கு அடியில் அவள் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் தேதி போட்டாள்: 18.9.1986, வியாழக்கிழமை.